நமக்கும் ஒரு வாங்கு



இந்த மாதம் உங்களோடு ஒரு தேத்தண்ணிக் கடையைப் பற்றிக் கதைக்கலாம் என்று நினைக்கிறேன். "எழுதுவதற்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். இது கடையைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல, எம்மைப் பற்றிய விஷயமும்தான்.

எட்டியாந்தோட்டைப் பக்கம், பிரதான வீதியிலிருந்து தோட்டத்துப் பாதை பிரிந்து மேலே ஏறும் ஒரு சந்தியில் இந்தக் கடை இருக்கிறது. தகரக் கூரை. முன்பக்கம் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வடை, ரொட்டி, பணிஸ். மேலே ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கும். பின்பக்கம் றப்பர் விறகு எரியும் அடுப்பு. உள்ளே இரண்டு மேசை, இரண்டு நீள வாங்கு. சுவர் ஓரமாகப் பிள்ளைகள் உட்காருவதற்குக் குட்டையாக இன்னொரு வாங்கு. பெயர்ப்பலகை கிடையாது. தோட்டத்து ஆட்கள் "அக்கா கடை" என்பார்கள். பக்கத்துச் சிங்களக் கிராமத்தவர்கள் "அக்காகே கோபி கடே" என்பார்கள்.

கடையை நடத்துபவர் ஓர் அக்கா. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அவருடைய கடையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும், கொத்தமல்லி சேர்த்து இடித்த கோப்பியும் நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த ருசி மட்டுமல்ல. அங்கே ஒரு பெண் உட்காரலாம். கையில் பிள்ளையோடு வந்தும் உட்காரலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "யாரோடு வந்தாய்?" என்று கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறீர்களா? உங்கள் தோட்டத்துச் சந்தியில் இருக்கும் கடையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் வாங்கில் யார் இருக்கிறார்கள்? ஆண்கள். பேப்பர் பார்ப்பதும், கட்சி கதைப்பதும், சம்பளக் கணக்குப் பேசுவதும், கரம் ஆடுவதும் அவர்கள்தான். நாங்களும் அதே கடைக்குத்தான் போகிறோம். சீனி, தேயிலைத் தூள், மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் வாங்குவது நாங்கள்தான். கடன் கொப்பியில் எழுதப்படுவதும், சம்பள நாளில் கடனைக் கட்டுவதும் பல வீடுகளில் நாங்கள்தான். ஆனால் நாங்கள் வாசலில் நிற்கிறோம். பொதியை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுகிறோம். வீட்டுக்காரர் உள்ளே இருந்தால், கூப்பிடுவதற்குக்கூடப் பிள்ளையைத்தான் அனுப்புகிறோம்.

என் தாயார் பத்து வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். நாற்பது வருடத்துக்கு மேல் மலையில் நின்றவர். அவர் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்ததை நான் பார்த்ததே இல்லை. டவுனுக்குப் போனாலும் போத்தலில் தண்ணீர் கொண்டுபோவார். "கடையில உட்காந்து குடிக்கிறது ஆம்பளைங்க வேலை" என்பார். உலகம் முழுவதும் குடிக்கிற தேயிலையைப் பறித்த கை அது.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. என் மூத்த மகனுக்கு இரண்டு வயது இருக்கும். காய்ச்சல். ஆஸ்பத்திரியில் துண்டு போட்டு, மருந்து வாங்கி, பஸ்ஸுக்கு வரும்போது நல்ல மழை. சந்தியில் இருந்த ஒரு கடைக்குள் போய், பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கொஞ்சம் சுடுதண்ணீர் கேட்டேன். எனக்கு ஒரு தேத்தண்ணியும் கேட்டேன். வாங்கில் இடம் இருந்தது. நான் உட்காரப் போனபோது கடைக்காரர், "தங்கச்சி, ஆம்பளைங்க இருக்கிற இடம். கொஞ்சம் வெளியில நின்னு குடிச்சிட்டுப் போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்வதுபோலத்தான் சொன்னார். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கிளாஸ், தாழ்வாரத்தில் தூவானம். பிள்ளைக்குக் கொடுத்த மருந்தில் பாதி என் சேலையில் போனது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது சொன்ன வார்த்தையால் அல்ல. "அவர் சொல்வதும் சரிதானே" என்று நானே நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேனே, அதனால்தான்.

டவுன் ஹோட்டல்களில் "குடும்ப அறை" என்று ஒரு பலகை இருக்கும். பார்த்திருப்பீர்கள். திரைச்சீலை போட்ட ஒரு சின்ன அறை. காற்று வராது. பெண்களும் பிள்ளைகளும் அதற்குள் போய் மறைந்திருந்து சாப்பிட வேண்டும். அதுவும் இல்லாததற்கு அது பரவாயில்லை என்றுதான் பல காலம் நானும் நினைத்தேன். அக்கா கடைக்குப் போன பின்புதான் வித்தியாசம் புரிந்தது. மறைத்து வைப்பது ஒன்று, இடம் கொடுப்பது வேறொன்று.

அக்கா பதினைந்து வருடத்துக்கு மேல் பால்வெட்டுக்குப் போனவர். விடியும் முன்னே எழும்பி, கத்தியும் வாளியுமாக மலைக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்போது உச்சி வெயில். கணவர் இறந்த பின்பு மூன்று பிள்ளைகளோடு வேலையை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை. பால் நிறுக்கிற இடத்துக்கு ஒரு கூடையில் வடையும் ரொட்டியும் கொண்டுபோய் விற்கத் தொடங்கினார். சிறுகச் சிறுகச் சேர்த்து, இந்தக் கடை அறையை வாடகைக்கு எடுத்தார்.

"கடை போட்ட முதல் நாளே குட்டை வாங்கைத்தான் செய்யச் சொன்னேன்" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். "நான் பால்வெட்டுக்குப் போன காலத்துல, வேலை முடிஞ்சு வரும்போது காலு ரெண்டும் கடுக்கும். எங்கேயாவது ஒரு பத்து நிமிஷம் உட்காந்து யாராவது போட்டுத் தர்ற தேத்தண்ணியைக் குடிக்கணும்னு ஆசையா இருக்கும். வீட்டுக்குப் போனா நான்தானே எல்லாருக்கும் போட்டுக் கொடுக்கணும்? பிள்ளை உட்கார இடம் இருந்தா தாயும் உட்காருவா. அதுக்குத்தான் அந்த வாங்கு."

பிள்ளை உட்கார இடம் இருந்தால் தாயும் உட்காருவாள். இந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது.

அந்தக் கடையில் ஒரு நாள் இருந்து பாருங்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகள். பத்து மணி தாண்டினால் கிளினிக்கிற்கு வந்த தாய்மார். அவர்களில் யாராவது பால் கொடுக்க வேண்டுமென்றால், அக்கா உள்பக்கத்து ஸ்டூலைக் காட்டுவார். பிறகு பால்வெட்டு முடித்து வரும் பெண்கள். பிற்பகலில் சிங்களக் கிராமத்திலிருந்து வெற்றிலை, பாக்கு கொண்டுவரும் ஆச்சி ஒருவர் வந்து கோப்பி குடிப்பார். அவருக்குத் தமிழ் வராது. தோட்டத்துப் பாட்டிக்குச் சிங்களம் அரைகுறை. இருவரும் ஒரே வாங்கில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கதைப்பார்கள். எந்த மொழியில் என்று கேட்காதீர்கள். ஆண்களும் வருவார்கள். ஆனால் அக்கா சிகரெட் விற்பதில்லை. குடித்துவிட்டு வருபவரை உட்கார வைப்பதில்லை. "அண்ணே, நாளைக்கு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். போய்விடுவார்கள். மனைவி பிள்ளைகளோடு வந்து உட்காரும் தகப்பன்மாரையும் அங்கே நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி அல்ல.

இனி, இந்தக் கடையால் நடந்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். மேல் பிரிவிலிருந்து ஒரு பிள்ளை, சாதாரண தரம் நன்றாகச் சித்தியடைந்தது. தமிழில் உயர்தரம் படிக்கக்கூடிய பாடசாலை எங்கள் சப்ரகமுவத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மேலதிக வகுப்பு உள்ள நாட்களில் திரும்பிச் சந்தியில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து லயத்துக்கு நடை. துணைக்கு யாராவது வரும்வரை சந்தியில்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் குடிக்கிற இடம். பரிகாசம், விசில். ஒரு நாள் பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்குப் போனது. தாய் மறுநாளே முடிவெடுத்துவிட்டார். "படிச்சது போதும்."

இதைக் கேள்விப்பட்ட அக்கா, தாயைக் கூப்பிட்டு அனுப்பினார். "பிள்ளையைப் படிப்புலயிருந்து நிறுத்தாதீங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா நேரா என் கடைக்கு வரச் சொல்லுங்க. மேலே போற நம்ம ஆள் யாராவது வர்ற வரைக்கும் உட்காந்து படிக்கட்டும். நான் பார்த்துக்கிறேன்" என்றார். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை அந்தக் குட்டை வாங்கில், முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டு படித்தது. உயர்தரத்திலும் சித்தியடைந்து, கல்வியியற் கல்லூரிக்குப் போனது. பிள்ளை கெட்டிக்காரி, அது வேறு விஷயம். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்க ஓர் இடம் வேண்டுமே! எத்தனை பெண் பிள்ளைகளின் படிப்பு இந்த இடைத்தூரத்தில் நின்றுபோயிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. தேத்தண்ணி விற்கிற கடையைச் சிங்கள மக்கள் ஏன் "கோபி கடே" என்கிறார்கள்? சுயாதீன தொலைக்காட்சியில் 1980களில் தொடங்கி நெடுங்காலம் ஓடிய ஒரு கிராமத்து நாடகத்துக்கும் அதுதான் பெயர். காரணம், இந்த நாட்டில் தேயிலைக்கு முன்னர் கோப்பிதான் இருந்தது. 1820களில் வெள்ளைக்காரர்கள் பெருந்தோட்டமாகக் கோப்பி பயிரிடத் தொடங்கினார்கள். எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தது கோப்பி பறிக்கத்தான். வழியில் இறந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. பிறகு 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளிலிருந்து றப்பர் பரவி, எங்கள் கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களையும் மூடியது.

இதில் எங்களைப் பற்றிய ஒரு விஷயம் உண்டு. கோப்பி அறுவடை சில மாதங்கள் மட்டுமே. ஆகவே பெரும்பாலும் ஆண்கள் வந்து, வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்தார்கள். பெண்ணின் விரல் கொழுந்துக்கு ஏற்றது என்று மலையில் நிறுத்தினார்கள். தேயிலை இந்த நாட்டில் நிலைத்தது பெண்களின் உழைப்பால்தான்.

அந்தத் தேயிலை கப்பலேறிப் போன இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். லண்டன் நகரத்தில் 1600களிலேயே கோப்பிக் கடைகள் இருந்தன. அவை ஆண்களின் இடம். 1674இல் "கோப்பிக்கு எதிராகப் பெண்களின் மனு" என்று ஒரு துண்டுப்பிரசுரமே அச்சாகியது. ஆண்கள் வீட்டை விட்டுக் கோப்பிக் கடையிலேயே கிடக்கிறார்கள் என்று அதில் கேலியாக முறைப்பாடு. எங்கள் சந்திக் கடையைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது அல்லவா? அதன் பிறகு ஏறக்குறைய இருநூறு வருடம் சென்றும், ஒரு மரியாதையான பெண் தனியாகப் போய் உட்கார்ந்து ஏதாவது குடிக்க அங்கே நல்ல இடம் கிடையாது.

1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பனி என்ற பாண் கம்பனி ஒன்று லண்டனில் ஒரு தேநீர்க் கடை திறந்தது. 1894இல் லயன்ஸ் கம்பனி பிக்கடிலியில் தன் முதலாவது தேநீர்க் கடையைத் திறந்தது. பிறகு இப்படிப்பட்ட கடைகள் நகரமெங்கும் வந்தன. கணவனோ தகப்பனோ துணைக்கு வராமல், பெண்கள் தாமாகவே போய் உட்காரக்கூடிய இடங்களாக அவை இருந்தன. காரியாலயத்தில் வேலை செய்த பெண்கள் அங்கே பகலுணவு சாப்பிட்டார்கள். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் இந்தத் தேநீர்க் கடைகளில் கூடி ஆலோசனை செய்தார்கள். 1918இல் முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பகுதியினருக்கும், 1928இல் ஆண்களுக்குச் சமமாக எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. தேத்தண்ணிக் கடையால்தான் வாக்கு கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெண்கள் ஒன்றாக உட்கார ஓர் இடம் இருந்தால், கதை வரும். கதை வந்தால் யோசனை வரும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் குடித்த தேயிலையில் இலங்கைத் தேயிலையும் இருந்தது. 1890இல் லிப்டன் இங்கே வந்து தோட்டங்களை வாங்கியது அந்த வியாபாரத்துக்காகத்தான். எங்கள் பாட்டிமார், பூட்டிமார் பறித்த கொழுந்து, கடல் தாண்டிப் போய் யாரோ ஒரு பெண்ணுக்கு உட்கார ஒரு நாற்காலியைக் கொடுத்தது. எமக்கு இங்கே, எங்கள் சந்தியில், ஒரு வாங்கு கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போது மனசு வலிக்கிறது, சகோதரிகளே.

எமது நாட்டிலும் மாற்றம் வராமலில்லை. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் "ஹெல பொஜுன்" உணவகங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. கண்டிப் பக்கம் போகிறவர்கள் கன்னொறுவையில் பார்த்திருப்பீர்கள். வடக்கில், யுத்தம் முடிந்த பின்னரான ஆண்டுகளில், இதே முறையில் "அம்மாச்சி" உணவகங்கள் தொடங்கின. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி இன்று எல்லோருக்கும் தெரிந்த இடம். ஒவ்வொரு பெண்ணும் தன் பகுதியில் நின்று தான் செய்யும் பண்டத்தைச் சமைத்து விற்கிறார். ஒருவர் தோசை, ஒருவர் அப்பம், ஒருவர் குரக்கன் புட்டு, ஒருவர் இலைக்கஞ்சி. விற்ற காசு அவரவருக்கு. வாங்குபவரின் கண்முன்னே சமையல் நடக்கிறது. விலை மலிவு. அதனால் குடும்பங்கள் பிள்ளைகளோடு வருகின்றன. கணவரை இழந்து குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கும் இது ஒரு வழியாயிற்று. பெண்கள் நடத்தும் இடத்துக்குப் பெண்கள் தயங்காமல் வருவார்கள் என்பதை இந்தக் கடைகள் காட்டியிருக்கின்றன. எங்கள் தோட்டப் பகுதிகளுக்கும் இப்படி வேண்டும் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. ஆனால் அது வரும்வரை, இருக்கிற அக்கா கடைகளை நாங்கள் காப்பாற்ற வேண்டாமா?

இதை நான் காரணமில்லாமல் கேட்கவில்லை. சென்ற தடவை போனபோது அக்கா ஒரு மாதிரியாக இருந்தார். கடையின் வாடகையைக் கூட்டிவிட்டார்களாம். 2022இல் பால்மாவும் இல்லை, எரிவாயுவும் இல்லை, மாவும் இல்லை என்றிருந்த காலத்தில்கூட விறகு அடுப்பும் பிளேன்டீயுமாகக் கடையைத் திறந்து வைத்தவர் அவர். அன்று ஏறிய விலைவாசி முழுதாக இறங்கவில்லை. அந்தக் காலத்துக் கடன் கொப்பியில் திரும்பி வராத காசும் இருக்கிறது. "வாங்கை எடுத்திட்டு சாமான் றாக்கை ஒன்னு வைக்கச் சொல்றாங்க. சிகரெட்டும் போடச் சொல்றாங்க. அதுலதான் லாபமாம்" என்றார். "ஒரு பிளேன்டீயை வாங்கிட்டு ஒரு மணித்தியாலம் உட்காந்திருந்தா எனக்கு என்ன கிடைக்குது? கணக்குப் பார்த்தா அவங்க சொல்றதும் சரிதான்."

நான் பதில் சொல்லவில்லை. அப்போது ஒரு சிறுபிள்ளை, கையில் வடையோடு, அந்தக் குட்டை வாங்கில் ஏற முயன்று கொண்டிருந்தது. அக்கா போய்ப் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தார். "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அவருடைய கணக்கைச் சரிசெய்ய எங்களால் முடியும். சில விஷயங்களை என் மனதில் பட்டபடி சொல்கிறேன்.

முதலாவது, போய் உட்காருங்கள். உங்கள் பக்கத்தில் பெண்களை மரியாதையாக நடத்தும் ஒரு கடை இருந்தால், மாதத்தில் ஒரு நாளாவது, சம்பளம் எடுத்த அன்றாவது, பிள்ளைகளோடு போய் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகப் போங்கள். இது வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் பரிமாறும் எமக்கும் ஒருவர் பரிமாறட்டும்.

இரண்டாவது, கடனை நேரத்துக்குக் கொடுங்கள். பெரிய கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். சிறிய கடைக்கு உங்கள் ஐந்நூறு ரூபாதான் நாளைய மாவும் சீனியும். டவுன் கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அக்கா கடையில் கடன் எழுதுவது நியாயமல்ல.

மூன்றாவது, வீட்டில் கதையுங்கள். கணவரையும் மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். மகன் சிறு வயதிலேயே தாய் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தால், நாளைக்கு வாங்கில் இருந்துகொண்டு வேறொரு பிள்ளையைப் பார்த்து விசிலடிக்க மாட்டான்.

கடை போட விரும்பும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரதேச சபையில் வியாபார அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பயப்பட வேண்டாம். நல்ல தண்ணீர், மூடி வைத்த பண்டங்கள், கை கழுவ இடம், சுத்தமான கிளாஸ் ஆகியவற்றை அவர் பார்ப்பது எமது பிள்ளைகளின் நன்மைக்காகத்தான். கூடிய வட்டிக்கு, வாரா வாரம் கட்ட வேண்டிய கடனை எடுத்துக் கடை திறக்காதீர்கள். கடையில் வரும் லாபம் முழுவதும் அந்தக் கடனுக்கே போய்விடும். அக்காவைப் போலக் கூடையில் தொடங்குங்கள். அல்லது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கடை எடுத்து, அம்மாச்சியில் செய்வதைப்போல ஒவ்வொருவரும் ஒரு பண்டம் செய்யுங்கள். ஆபத்தும் பங்காகும், வேலையும் பங்காகும்.

சாப்பாட்டு விஷயத்தில் இன்னொன்று. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. எங்கள் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆகவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் நல்லது. சிறு பிள்ளைகளுக்குச் சாயமும் கோப்பியும் வேண்டாம். அக்கா கடையில் பிள்ளைகளுக்கென்று காலையில் இலைக்கஞ்சி வைக்கிறார். அதை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்கும் நல்லது, கடைக்கும் நல்லது.

போன கிழமை அந்தப் பக்கம் போன எங்கள் குழுச் சகோதரி ஒருவரிடம், "குட்டை வாங்கு இருக்கிறதா?" என்று கேட்டேன். இருக்கிறதாம். பக்கத்தில் ஒரு சின்ன றாக்கையும் வந்திருக்கிறதாம். அதில் பிள்ளைகளின் கொப்பி, பென்சில், சவர்க்காரம் இருக்கிறதாம். சிகரெட் இல்லையாம். கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த வாங்கு அங்கேயே இருக்க வேண்டுமானால், அதில் நாங்கள் உட்கார வேண்டும்.

உங்கள் சந்தியிலும் இப்படி ஒரு கடை இருக்கிறதா? எழுதுங்கள். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் கூட்டத்தை ஒரு தேத்தண்ணிக் கடையிலேயே வைத்தாலும் நல்லதுதான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.